மண்ணறிந்த மாமனிதர்

விருதுநகர் மாவட்டத்துத் தாயில்பட்டியைச் சூழ்ந்த கரிசல் மண் கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும். மழைக்காலத்தில் நடப்பவர் காலைப் பற்றும். தக்காணப் பீடபூமியிலும் கரிசல் மண் உண்டு. ஐஸ்லாந்தில் இன்றும் பொங்கும் எரிமலைக் குழம்பைப் போன்று, ஏறத்தாழ 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே பொங்கிய குழம்பு பசால்ட் பாறையாக இறுகியது. அது சிதைந்தே அம்மண் தோன்றிற்று. தென்தமிழகக் கரிசலின் அடியில் இருப்பதோ அதனினும் தொன்மையான நைஸ் பாறை. நிறத்தால் ஒத்த மண்ணின் பிறப்பு வேறுபாட்டை உணர்த்தும் துறையே நிலவியல்.

இந்திய நிலவியல் ஆய்வுத்துறை 1851இல் தொடங்கப்பெற்றது. நூறாண்டுக் காலம் ஐரோப்பியரே அதன் தலைமையை வகித்தனர். 1951இல் அப்பொறுப்பை ஏற்ற முதல் இந்தியர், மகாராஜபுரம் சீதாராமன் கிருஷ்ணன் என்னும் தமிழர்.

தஞ்சை மாவட்டத்தில் 1898இல் பிறந்த அவர், சென்னை மாநிலக் கல்லூரியில் நிலவியல் பயின்றார். இலண்டனில் முனைவர் பட்டம் பெற்று, 1924இல் ஆய்வுத்துறையில் சேர்ந்தார். நாட்டின் பாறை அடுக்குகளையும் கனிம வளங்களையும் பற்றிப் பல்வேறு அறிக்கைகளில் சிதறிக் கிடந்த செய்திகளைத் தொகுத்து ஆராய்ந்து, 1943இல் இந்தியா, பர்மா நிலவியல் பற்றிய நூலை ஆங்கிலத்தில் வெளியிட்டார். பல தலைமுறை மாணவர்க்கு அதுவே பாடநூலாயிற்று. பின்னர், ஐதராபாத்தில் 1961இல் நிறுவப்பெற்ற தேசியப் புவி இயற்பியல் ஆய்வு நிறுவனத்தின் முதல் இயக்குநராகவும் பணியாற்றினார். 1970இல் பத்மபூஷண் விருது பெற்றார்.

நிலக்கரி எங்குளது, இரும்பு எங்குளது, நிலத்தடி நீர் எவ்வளவு ஆழத்தில் உளது என்பன விடுதலை பெற்ற நாட்டின் முன் நின்ற வினாக்கள். அவற்றிற்கு விடைகாணும் திறன் இம்மண்ணின் மைந்தர்க்கு உண்டு என்பதற்குக் கிருஷ்ணனின் வாழ்வே சான்றாகும்.