நீலத் தாளில் வெள்ளைக் கோடுகள்
பழைய புகையிரத வரைபடங்களைப் பற்றி

உயர்தர மாணவி, பொறியியல் தொழினுட்பப் பிரிவு

உம்மாவின் வாப்பாவை நாங்கள் அப்பா என்றே கூப்பிடுவோம். இரத்மலானைப் புகையிரத வேலைத்தளத்தில் பிட்டராக இருந்து ஓய்வுபெற்றவர். நான் ஐந்தாம் ஆண்டு படிக்கும்போது வபாத்தானார். சென்ற வருடம் நான் உயர்தரத்துக்குப் பொறியியல் தொழினுட்பவியலைத் தெரிவு செய்தபோது, உம்மும்மா தனது அலுமாரியின் அடித்தட்டில் விரித்திருந்த ஒரு தாளை உருவி எடுத்து என்னிடம் தந்தார். "ஒங்கட அப்பாட கோச்சிக் கடதாசி மகள். இனி ஒங்களுக்குத்தான் வெளங்கும்" என்றார்.

கடும் நீல நிறத் தாள். அதில் வெள்ளைக் கோடுகளால் ஓர் இரும்புத் துண்டு மூன்று பக்கங்களிலிருந்து பார்த்தபடி வரையப்பட்டிருந்தது. ரயில் பெட்டியின் சில்லை அழுத்தும் பிரேக் கட்டையைத் தொங்கவிடும் துண்டு அது. வேலைத்தளத்தில் கழித்துவிட்ட பிரதி என்பதால் அப்பா வீட்டுக்குக் கொண்டுவந்திருப்பார். ஓரத்தில் ஒரு தேநீர்க் கறை. அதைப் போக்கலாம் என்று நினைத்து, ஈரத்துணியில் கொஞ்சம் சவர்க்காரம் தொட்டுத் துடைத்தேன். கறை போகவில்லை, நீலம் போய்விட்டது. உள்ளங்கையளவு இடம் மங்கிய மஞ்சளாகி, அங்கே எழுதியிருந்த இரண்டு அளவுகளும் கண்ணுக்குத் தெரியாமல் போயின. உம்மும்மாவிடம் இதைச் சொல்ல எனக்கு மூன்று நாட்கள் எடுத்தன. "கடதாசிதானே" என்று அவர் சொன்னார். ஆனால் பிறகு அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பேசாமல் இருந்தார்.

சவர்க்காரம் பட்டால் நீலம் ஏன் போகவேண்டும்? இந்தக் கேள்விக்கு விடை தேடப் போன இடத்தில் கிடைத்தவைதான் இந்தக் கட்டுரை.

1842இல் ஜோன் ஹேர்ஷல் என்ற ஆங்கிலேய வானியலாளர் இந்த நீலப் பிரதி முறையைக் கண்டுபிடித்தார். அமோனியம் பெரிக் சித்திரேற்று, பொற்றாசியம் பெரிசயனைட்டு ஆகிய இரண்டு உப்புக்களின் கரைசலைத் தாளில் பூசி இருட்டில் உலரவிட வேண்டும். அதன்மேல் ஒளி ஊடுருவும் துணியில் மையால் வரைந்த படத்தை வைத்து வெயிலில் காட்டினால், ஒளி பட்ட இடமெல்லாம் இரசாயன மாற்றமடைந்து, நீரில் கழுவும்போது பிரசியன் நீலமாகும். மைக்கோடு மறைத்த இடத்திலுள்ள உப்பு நீரோடு போய்விடும், அங்கே தாளின் வெள்ளை தெரியும். நீலத்தில் வெள்ளைக் கோடு வருவது இதனால்தான். இந்த முறையை முதலில் பெரிய அளவில் பயன்படுத்தியவர் ஒரு பெண். அன்னா அட்கின்ஸ் என்பவர் 1843இல் கடற்பாசிகளை நேரே தாளில் வைத்து இவ்வாறு பதித்து நூலாக வெளியிடத் தொடங்கினார். பொறியியல் அலுவலகங்கள் இதைக் கையில் எடுத்தது அதற்குப் பல பத்தாண்டுகளின் பின்னர்தான்.

பிரசியன் நீலத்துக்குக் காரம் ஆகாது. சவர்க்காரம் காரம். காரம் பட்டதும் நீலம் சிதைந்து, இரும்புத் துருவின் இனத்தைச் சேர்ந்த மஞ்சள் பொருளாக மாறிவிடும். பாடசாலையில் காரமும் அமிலமும் எத்தனையோ முறை படித்திருக்கிறேன். அலுமாரித் தாளுக்கும் அதற்கும் தொடர்புண்டு என்று எனக்குத் தோன்றவேயில்லை. சுவடிக்கூடங்களில் பொதுவாகப் பழைய கடதாசிகளை அமிலம் தாக்காமலிருக்க, சிறிதளவு காரம் சேர்த்த தாள்களுக்கு இடையில் வைப்பார்கள். நீலப் பிரதிகளுக்கு மட்டும் அந்தத் தாள் கூடாது, காரம் சேராத தாளே வேண்டும். வெயிலும் கூடாது. வெளிச்சத்தில் மங்கிய நீலம் இருட்டில் வைத்தால் ஓரளவு திரும்பி வரும். காரத்தில் போன நீலம் அப்படி வராது.

நீலப் பிரதி என்பது கடைசிக் கட்டம். அதற்கு முன் இரண்டு படிகள் உண்டு. முதலில் வரைஞர் தடித்த தாளில் பென்சிலால் வரைவார். பிறகு அந்தத் தாளின்மேல் மெல்லிய துணி ஒன்றை விரித்து, கீழே தெரியும் கோடுகளை மையால் ஒற்றியெடுப்பார்கள். கஞ்சிப் பசை ஏற்றி அழுத்தி, கண்ணாடிபோல் ஒளி ஊடுருவச் செய்த துணி அது. ஒரு பக்கம் பளபளப்பாகவும் மறுபக்கம் மங்கலாகவும் இருக்கும். மை பிடிப்பதற்காக நன்கு அரைத்த வெண்தூளை மேலே தடவித் துடைப்பார்கள். பிழைவிட்டால் கூரிய அலகால் சுரண்ட வேண்டும். துணி ஓட்டையானால் அன்றைய வேலை போயிற்று. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. இந்தத் துணியைத் தண்ணீரில் ஊறவைத்துப் பசையைக் கழுவிவிட்டால் மிக நேர்த்தியான துணி கிடைக்கும். கழித்துவிட்ட வரைபடங்களை வீட்டுக்குக் கொண்டுபோய்க் கைக்குட்டை தைத்துக்கொண்டவர்கள் பிரித்தானிய வரைவு அலுவலகங்களில் இருந்திருக்கிறார்கள். எத்தனை இயந்திரங்களின் படங்கள் மூக்குத் துடைக்கப் போயினவோ!

ஒற்றியெடுக்கும் வேலையை ஆரம்பத்தில் பயிற்சிக்கு வந்த பையன்கள் செய்தார்கள். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து பிரித்தானியக் கப்பல் கட்டும் தளங்களும் புகையிரத இயந்திரத் தொழிற்சாலைகளும் இதற்கு இளம் பெண்களைச் சேர்க்கத் தொடங்கின. கை நிதானம் காரணமாகச் சொல்லப்பட்டது. குறைந்த சம்பளமும் ஒரு காரணம். பல இடங்களில் அவர்கள் ஆண் வரைஞர்களிடமிருந்து பிரித்துத் தனி அறையில் அமர்த்தப்பட்டார்கள், திருமணமானதும் வேலையை விட்டுப் போனார்கள். வரைபடத்தின் கீழ் மூலையில் ஒரு கட்டம் இருக்கும். வரைந்தவர், ஒற்றியெடுத்தவர், சரிபார்த்தவர் என்று ஒவ்வொருவருக்கும் தனித்தனி இடம். பெரும்பாலும் முதலெழுத்துகள் மட்டுமே இருக்கும். ஒரு இயந்திரத்தின் வடிவமைப்பாளர் பெயரைப் புத்தகங்களில் காணலாம். ஒற்றியெடுத்த பெண்ணைக் காண வேண்டுமானால் அந்தக் கட்டத்தைத்தான் பார்க்க வேண்டும்.

நான் இந்தப் பிரிவைத் தெரிவு செய்தபோது மாமா ஒருவர், "கீறுறது நல்ல வேலதான், பொம்புளப் புள்ளைக்கு வேர்க்ஷொப்புக்குப் போகத் தேவையில்லயே" என்றார். அன்பாகத்தான் சொன்னார். ஆனால் ஒற்றியெடுப்பது மூளை தேவையில்லாத வேலை என்பதை நான் ஏற்கமாட்டேன். எது மறைந்த விளிம்பு, எது மையக்கோடு, எது அளவுக்கோடு என்று தெரியாதவர் ஒரு வரைபடத்தைப் பிழையில்லாமல் ஒற்றியெடுக்க முடியாது. பல வருடங்கள் இயந்திரங்களை ஒற்றியெடுத்த ஒருவருக்கு இயந்திரம் தெரியாமலிருக்குமா? செய்து பார்த்த பின்னர்தான் இதைச் சொல்கிறேன். அதைப் பின்னால் எழுதுகிறேன்.

இத்தகைய வரைபடங்களை மிகப் பெருந்தொகையாக வைத்திருக்கும் இடங்களில் ஒன்று இங்கிலாந்தின் யோர்க் நகரிலுள்ள தேசிய புகையிரத அருங்காட்சியகம். இங்கிலாந்தின் பெரிய புகையிரத வேலைத்தளங்கள் மூடப்பட்டபோதும் சுருங்கியபோதும் அவற்றின் வரைபடங்களில் பெரும்பகுதி அங்கே வந்து சேர்ந்தது. கிளாஸ்கோவில் இயங்கி 1962இல் முடிந்துபோன நோர்த் பிரிட்டிஷ் நிறுவனத்தின் ஆவணங்களில் ஒரு பகுதி கிளாஸ்கோ பல்கலைக்கழகச் சுவடிக்கூடத்தில் இருக்கிறது. நமக்கு நெருக்கமானது மன்செஸ்டர். அங்கே கோர்ட்டன் என்னுமிடத்தில் 1854இல் தொடங்கி 1966இல் மூடிய பேயர் பீக்கொக் நிறுவனத்தின் ஆவணங்களை அந்நகரின் அறிவியல் தொழிற்றுறை அருங்காட்சியகம் பாதுகாக்கிறது. இந்த நிறுவனம்தான் இலங்கைக்குக் கரட் இயந்திரங்களைச் செய்தது. (இதை வகுப்பில் சொன்னபோது எல்லோரும் சிரித்தார்கள். மரக்கறியல்ல, 1907இல் காப்புரிமை கோரிய ஹேர்பட் வில்லியம் கரட் என்பவரின் பெயர்.)

நமது மலையகப் பாதையில் 44 அடி போனால் 1 அடி உயரும் ஏற்றங்கள் உண்டு. வளைவுகளில் சில வெறும் 5 சங்கிலி, அதாவது ஏறக்குறைய 100 மீற்றர் ஆரையுடையவை. ஏற்றத்துக்குப் பலமான, ஆகவே நீளமான இயந்திரம் வேண்டும். நீளமான இயந்திரம் இறுக்கமான வளைவில் திரும்பாது. கரட் இதற்குக் கண்ட வழி, கொதிகலனை நடுவில் தொங்கவிட்டு, முன்னாலும் பின்னாலும் தனித்தனியாகத் திரும்பக்கூடிய இரண்டு இயந்திரத் தொகுதிகளை வைப்பது. அப்படியான ஒன்று 1927இல் இலங்கைக்கு வந்தது, 1945இல் மேலும் எட்டு வந்தன. இன்று அவை நமது பாதையில் ஓடுவதில்லை. அவற்றின் உள்ளமைப்பை யாராவது முழுமையாக அறிய விரும்பினால் கடதாசியிடம்தான் போக வேண்டும்.

கடதாசியிலிருந்து இயந்திரம் திரும்பி வந்த கதையும் உண்டு. ஆதர் பெப்பர்கோர்ன் வடிவமைத்த ஏ1 வகை நீராவி இயந்திரங்கள் 1948, 1949ஆம் ஆண்டுகளில் 49 கட்டப்பட்டன. 1966க்குள் ஒன்றுகூட மிஞ்சாமல் எல்லாம் உடைத்து இரும்புக்கு விற்கப்பட்டன. 1990இல் சில ஆர்வலர்கள் ஒன்றுகூடி, பழையதைத் திருத்த முடியாவிட்டால் புதிதாக ஒன்றைக் கட்டுவோம் என்றார்கள். யோர்க்கில் தேடியபோது ஆயிரத்துக்கும் மேற்பட்ட மூல வரைபடங்கள் கிடைத்தன. ஆனால் அவற்றை அப்படியே பின்பற்றவும் முடியவில்லை. அவற்றில் குறித்திருந்த சில உருக்கு வகைகளை இப்போது யாரும் செய்வதில்லை. கொதிகலனை அறையாணி அடித்துப் பொருத்துவதற்குப் பதிலாக ஒட்டவேலையாகச் செய்தார்கள். அதையும் ஜேர்மனியின் மைனிங்கன் நகரில்தான் செய்விக்க வேண்டியிருந்தது. 18 வருடங்களும் ஏறக்குறைய 30 இலட்சம் பவுணும் செலவாகின. 2008இல் டார்லிங்டனில் 'டொர்னாடோ' தன் சொந்த நீராவியில் நகர்ந்தது. பழைய வரிசையின் கடைசி இலக்கம் 60162. இதற்கு 60163 என்று எழுதினார்கள்.

வரைபடம் இல்லாத இடத்தில் கதை வளரும் என்பதற்கு எல்லவுக்கும் தெமோதரைக்கும் இடையிலுள்ள ஒன்பது வளைவுப் பாலம் நல்ல உதாரணம். முதலாம் உலகப் போருக்கு உருக்கெல்லாம் போய்விட்டதால் ஊர்வாசிகள் கல்லையும் சீமெந்தையும் கொண்டே அதைக் கட்டிமுடித்தார்கள் என்று சுற்றுலா போகும் ஒவ்வொருவருக்கும் சொல்வார்கள். எங்களுக்கும் சொன்னார்கள். ஆனால் பாலம் முடிந்து இரண்டு வருடங்களின் பின், 1923இல், இலங்கைப் பொறியியல் சங்கம் அதன் நிர்மாணத்தைப் பற்றிய விபரமான கட்டுரை ஒன்றை வரைபடங்களுடன் வெளியிட்டிருக்கிறது. அது ஒரு கொங்கிறீற்றுப் பாலம் என்று கட்டுரையின் தலைப்பே சொல்கிறது. அதற்காக ஊர்க்கதையை ஒரேயடியாகத் தூக்கியெறியவும் எனக்கு மனமில்லை. வரைபடம் வளைவின் ஆரையைச் சொல்லும். 80 அடி உயரத்தில் சாரத்தின்மேல் நின்றவர்களின் பெயரைச் சொல்லாது. அந்தப் பெயர்களை மறக்காமலிருக்கத்தான் ஊர் கதை சொல்கிறதோ என்று நினைக்கிறேன்.

இனி என் நீலத் தாளுக்கு வருகிறேன். அழிந்த அளவுகள் இரண்டு என்றேன். ஒன்று, மேல் துளையின் மையத்திலிருந்து நடுத் துளையின் மையம் வரையான தூரம். நல்ல வேளையாக, மேலிருந்து கீழ்வரை மொத்தத் தூரம் 14½ அங்குலம் என்றும், நடுவிலிருந்து கீழ்வரை 6¼ அங்குலம் என்றும் எழுதியிருந்தது. கழித்தால் 8¼. மற்றது நடுத் துளையின் விட்டம். அதைக் கணக்கால் பெற வழியில்லை. அடிமட்டம் வைத்து அளந்தால் என்ன என்று ஆசிரியையிடம் கேட்டேன். "எழுதிய அளவைத்தான் நம்ப வேண்டும், வரைந்த கோட்டை அளக்கக் கூடாது" என்றார். நீலப் பிரதி நீரில் கழுவி உலர்த்திய தாள், அது சுருங்கியிருக்கும், ஒரு பக்கம் மறுபக்கத்தைவிடக் கூடுதலாகவும் சுருங்கியிருக்கும். ஆகவே அளந்து வந்த எண்ணை எழுதி, பக்கத்தில் 'அளந்து பெற்றது' என்று குறித்தேன். அப்பா அந்தத் துண்டை எத்தனை முறை கையில் எடுத்திருப்பார். அவர் இருந்திருந்தால் பார்க்காமலே சொல்லியிருப்பார்.

இரண்டு விடுமுறை நாட்கள் இருந்து முழுப் படத்தையும் ஒற்றுத்தாளில் மையால் எடுத்தேன். மூலையில் ஒரு கட்டமும் போட்டேன். மூலப் படத்தில் ஒற்றியெடுத்தவரின் இடத்தில் இரண்டு எழுத்துகள் இருந்தன. அவை ஆணுக்குரியவையோ பெண்ணுக்குரியவையோ, இலங்கையரோ ஆங்கிலேயரோ, கண்டுபிடிக்க வழி கிடைக்கவில்லை. அவற்றை அப்படியே எழுதி, அதன் கீழே என் முதலெழுத்துகளையும் வருடத்தையும் எழுதினேன்.

வீட்டில் பழைய உத்தியோகக் கடதாசிகள் வைத்திருக்கும் பெற்றோருக்கும் தோழியருக்கும் ஒரு வேண்டுகோள். சமையலறைத் தட்டில் விரிப்பதற்கு முன் ஒருமுறை திருப்பிப் பாருங்கள். நீல நிறமென்றால் சவர்க்காரம் வேண்டாம், வெயில் வேண்டாம், பிளாஸ்ரிக் உறையும் வேண்டாம். மடிக்காமல் இருட்டான லாச்சியில் வைத்தால் போதும். வெளிச்சமான இடத்தில் வைத்து ஒரு புகைப்படமும் எடுத்துவிடுங்கள். நான் அதைத் துடைப்பதற்கு முன் செய்திருந்தால் இந்தக் கட்டுரையில் பாதி தேவைப்பட்டிருக்காது.

என் பிரதியை ஆசிரியை இரண்டு நாட்கள் வைத்திருந்து திருப்பித் தந்தார். பக்கத்தோற்றத்தில் எண்ணெய் விடும் துளையைக் காட்டும் புள்ளிக்கோடு ஒன்று விடுபட்டிருந்தது. அன்றிரவு அதைப் போட்டு, சரிபார்த்தவர் என்ற இடத்தில் ஆசிரியையின் கையொப்பத்துக்கு இடம் விட்டு வைத்திருக்கிறேன்.