ஈரக்காற்று ஊரில் ஒளிரும் மை

பெரோவ்ஸ்கைட் நானோபடிக மையை அச்சிட வரும் மாணவர்கள் எந்த பிரிண்டர் வாங்கலாம் என்றுதான் முதலில் கேட்பார்கள். திண்டிவனத்தில் இந்த வேலையைச் செய்கிறவன் சொல்கிறேன்: முதலில் ஈரப்பதமானி வாங்குங்கள். மரக்காணம் உப்பளமும் கடலும் பக்கத்தில். ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை வேறு.

பெரோவ்ஸ்கைட் வகையான சீசியம் லெட் புரோமைடு நானோபடிகத்தை 2015-இல் சூரிச்சில் கோவலென்கோ குழு செய்துகாட்டியது. அதே ஆண்டு புனே ஐசரில் அங்ஷுமன் நாக் குழுவும் அதன் ஒளிர்வை ஆராய்ந்து எழுதியது. புற ஊதா டார்ச் அடித்தால் கண்ணைப் பறிக்கும் பச்சை. ஆனால் அடிப்படையில் அது ஓர் உப்பு. தண்ணீர் பட்டால் சிதைந்துவிடும். பாலிமர்தான் காப்பு.

பலரும் எடுப்பது பி.எம்.எம்.ஏ. பளிச்சென்று இருக்கும், ஆனால் எடையில் 2 சதவீதம் வரை தண்ணீர் குடிக்கும். நம் பக்கத்துக்குப் பாலிஸ்டைரீன்தான் என் தேர்வு. அதையும் ஓவனில் காயவைத்து, ஈரம் நீக்கிய டொலுவீனில் கரைப்பேன். சீக்கிரம் காயுமே என்று குளோரோஃபார்மைத் தொடாதீர்கள். 61 டிகிரியில் கொதிக்கும் அது ஆவியாகும் வேகத்தில் படலத்தின் மேற்பரப்பு குளிர்ந்துபோகும். காற்றின் ஈரம் அங்கே துளியாகப் படிந்து படலம் பால்போல் வெளுக்கும். டொலுவீனுக்கு 111 டிகிரி. மெதுவாகக் காயும், தெளிவாக நிற்கும்.

படிகத்தைக் கழுவ எத்தனால் வேண்டாம். மேலே ஒட்டியிருக்கும் ஒலெயிக் அமிலம் கழன்றுவிடும். மெத்தில் அசிட்டேட் போதும், அதுவும் அளவாக.

அச்சுக்கு நான் போவது விழுப்புரத்தில் கல்யாணப் பத்திரிகை அடிக்கும் ஸ்க்ரீன் பிரிண்டிங் பட்டறைக்கு. "ஒவ்வொரு இழுப்புக்கு நடுவுலயும் மைய மெஷ் மேல பரப்பியே வைங்க சார், இல்லன்னா ஓட்டை அடைச்சிரும்" என்றார் அங்கிருந்த அண்ணன். எந்த ஆய்வுக் கட்டுரையிலும் நான் படிக்காத பாடம். கரைப்பான் தாங்கும் ஸ்க்ரீன் எமல்ஷனைக் கேட்டு வாங்குங்கள். சாதா ரப்பர் ஸ்குவீஜி டொலுவீனில் ஊதிக்கொள்ளும். பச்சைப் புரோமைடு மைக்கும் சிவப்பு அயோடைடு மைக்கும் தனித்தனி ஸ்குவீஜி. கலந்தால் புரோமைடும் அயோடைடும் இடம் மாறி, இரண்டு நிறமும் போய் நடுவில் ஏதோ ஒன்று வரும்.

அச்சு மங்குகிறதா என்று போனில் படம் எடுத்துப் பார்ப்பவர்கள் எக்ஸ்போஷரைப் பூட்டிவிடுங்கள். தானியங்கியில் விட்டால் மங்கியதையும் கேமரா பிரகாசமாகக் காட்டிவிடும்.

ஈயக் கழிவைத் தொட்டியில் ஊற்றாதீர்கள். பெயர் ஒட்டிய கேனில் சேருங்கள். விற்கும் எண்ணம் இருந்தால் இன்னொரு கணக்கும் உண்டு. ஐரோப்பிய ரோஸ் (RoHS) விதிப்படி ஒரே சீரான பொருளில் ஈயம் 0.1 சதவீதம் தாண்டக் கூடாது. இந்தப் படிகத்தின் எடையில் ஏறக்குறைய 36 சதவீதம் ஈயம். ஆக 100 கிராம் படலத்துக்கு 0.28 கிராம் படிகம்தான் போடலாம். வெளிச்சம் பற்றாவிட்டால் படிகத்தைக் கூட்டாமல் படலத்தைத் தடிப்பாக்குங்கள்.