ஜே-1 ஆசிரியருக்கு நோர்கா கடன் உண்டா?

அமெரிக்கப் பள்ளியில் ஜே-1 விசாவில் மூன்று ஆண்டுகள் பாடம் நடத்திவிட்டு ஊர் திரும்பிவிட்டேன். "நீ போனது பரிமாற்றத் திட்டத்தில், திரும்பி வந்த பிரவாசிகளுக்கான நோர்கா கடன் உனக்குக் கிடைக்காது" என்கிறார்கள். உண்மையா?
– வாசகி, சித்தூர், பாலக்காடு மாவட்டம்

தைரியமாக விண்ணப்பியுங்கள், சகோதரி. வெளிநாடுவாழ் கேரளத்தவருக்கான (பிரவாசிகள்) கேரள அரசுத் துறையான நோர்காவின் என்.டி.பி.ஆர்.இ.எம். கடன் திட்டம் கேட்பது இரண்டைத்தான்: குறைந்தது இரண்டு ஆண்டு வெளிநாட்டு வேலை, நிரந்தரமாகத் திரும்பியிருப்பது. நீங்கள் பள்ளியில் சம்பளம் வாங்கி வேலை பார்த்தவர். பாஸ்போர்ட்டில் உள்ள முத்திரைகளோடு பள்ளியின் பணி ஒப்பந்தம், சம்பளச் சீட்டு, ஜே-1 விசாவுக்கான டிஎஸ்-2019 படிவம் எல்லாவற்றையும் எடுத்துச் செல்லுங்கள். விசாவின் பெயரைப் பார்த்துக் குழம்புபவர்களுக்கு அந்தச் சம்பளச் சீட்டே பதில் சொல்லும்.

ஒன்றை மனத்தில் வையுங்கள். இது வேலை வாங்கித் தரும் திட்டமல்ல, தொழில் தொடங்கத்தான். 30 லட்சம் ரூபாய் வரையிலான தொழிலுக்கு 15 சதவீத மானியம், அதிகபட்சம் 3 லட்சம். முதல் நான்கு ஆண்டு வட்டியில் 3 சதவீதச் சலுகை. முதலில் நோர்காவில் பதிவு, பிறகுதான் வங்கி. அவசரப்பட்டு வேறு கடன் வாங்கிவிடாதீர்கள்.

அப்படியே, 60 வயதுக்குள் பிரவாசி நல வாரியத்திலும் சேர்ந்துவிடுங்கள். குறைந்தது ஐந்தாண்டு சந்தா கட்டியிருந்தால் ஓய்வூதியம் உண்டு.