டின்னருக்கு முன் என்று எழுதாதீர்கள்

இங்கிலாந்தின் வட பகுதியில் உள்ள ஆஸ்பத்திரிகளுக்கு வேலை பார்க்கப் புறப்படும் நம் வைத்திய இளைஞர்களுக்கு, எத்தனை கம்பளிச் சட்டை எடுத்துப் போகவேண்டும், எந்தக் கடையில் துவரம்பருப்பு கிடைக்கும் என்றெல்லாம் சொல்லி அனுப்பப் பலர் இருக்கிறார்கள். 'டின்னர்' என்ற சொல்லை அங்கே எந்த மருந்துக் குறிப்பிலும் எழுதிவிடாதீர்கள் என்று சொல்லத்தான் ஆள் இல்லை. எனக்கும் எவரும் சொல்லவில்லை. அந்த ஒரு சொல்லினால் ஒரு முதியவர் பிரக்ஞை இழந்து கிடந்ததையும், வேறொருவர் தம் கைப்பட எழுதிய வாக்கியத்துக்காக என் ஆங்கில ஞானத்தின்மீது பழி சுமத்தப்பட்டதையும், இத்தனை காலத்துக்குப் பிறகும் என்னால் அமைதியாக நினைத்துப் பார்க்க முடிவதில்லை. ஆகவே நீங்களாவது முன்கூட்டித் தெரிந்துகொள்ளும்பொருட்டு இதை எழுதுகிறேன்.

நான் இருந்தது யார்க்ஷயரில், பார்ன்ஸ்லியைச் சுற்றிய நிலக்கரிச் சுரங்க ஊர்களுக்கு நடுவே. அங்கே காலையில் உண்பது பிரேக்ஃபாஸ்ட். அதில் தகராறு இல்லை. நண்பகல் பன்னிரண்டு மணிக்கு உண்பதுதான் டின்னர். மாலை ஐந்து அல்லது ஐந்தரை மணிக்கு, மாமிசமும் உருளைக்கிழங்கும் ரொட்டியும் வெண்ணெயுமாக, கூடவே ஒரு பெரிய கூஜா நிறையத் தேநீருமாக, வீட்டார் அனைவரும் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து உண்ணும் முழுச் சாப்பாட்டுக்குப் பெயர் டீ. படுக்கப் போகுமுன் பாலும் பிஸ்கோத்துமாகக் கொள்வது சப்பர். அந்நாளில் சுரங்கத்துக்குள் இறங்கியவன் ரொட்டித் துண்டின் வடிவிலேயே செய்த தகர டப்பாவில் எடுத்துப் போனது ஸ்னாப்; அதையே டர்ஹாம் பக்கத்தில் பெய்ட் என்றார்கள். தெற்கே வசதியான குடும்பங்களில் பிறந்து வளர்ந்தவர்களுக்கோ, நண்பகலில் லஞ்ச். டீ என்றால் நாலு மணிக்கு ஒரு கோப்பையும் ஒரு கேக் துண்டும். டின்னர் என்பது இரவு ஏழரைக்கோ எட்டுக்கோ. இத்தனைக்கும், பள்ளிக்கூடங்களில் மத்தியானம் பிள்ளைகளுக்குப் பரிமாறும் பெண்களை அந்தத் தென்னாட்டாரும் டின்னர் லேடி என்றே அழைக்கிறார்கள்.

எழுபதுகளில், சுரங்க வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர் நீரிழிவுக்காக எங்கள் வார்டில் தங்கி, இன்சுலின் ஊசியைத் தாமே போட்டுக்கொள்ளக் கற்று வீடு திரும்பினார். கண்ணாடி ஸிரிஞ்சை ஸ்பிரிட்டில் இட்டு வைப்பதையும், குப்பியின் ரப்பர் மூடியில் ஊசியைச் செலுத்தி மருந்தை உறிஞ்சுவதையும் அவருக்குக் கற்பித்தவன் நான். நிலக்கரித் தூள் தோலுக்கடியில் நீலக்கோடுகளாய்ப் படிந்திருந்த அந்தக் கனத்த விரல்கள் அதைக் கற்றுக்கொண்ட நேர்த்தி இன்னும் என் கண்ணில் நிற்கிறது. வேளை குறித்த அட்டையை எழுதியவர், தெற்கிலிருந்து வந்திருந்த எங்கள் ரெஜிஸ்ட்ரார். 'பிரேக்ஃபாஸ்டுக்கு அரைமணி முன் ஒன்று, டின்னருக்கு அரைமணி முன் ஒன்று' என்று நீல மையில் எழுதி, என் கண்ணில் படாமலே அதைப் பெரியவரின் மனைவியிடம் நேரே கொடுத்தும்விட்டார். வார்டில் ஊசி போட்டதெல்லாம் நர்ஸுகள், காலையிலும் மாலையிலும். ஆகவே அங்கிருந்தவரை விபரீதம் எதுவும் தலைகாட்டவில்லை.

வீட்டில் பெரியவர் அட்டை சொன்னபடியே செய்தார். ஏழரை மணிக்கு ஒரு ஊசி, பதினொன்றரைக்கு ஒரு ஊசி. மெதுவாக வேலை செய்து நாலைந்து மணி நேரத்துக்கு மேல்தான் உச்சம் கொள்ளும் அந்த மருந்தின் முதல் அளவு அடங்குவதற்குள் இரண்டாவதும் வந்து சேர்ந்தால், மாலை உணவுக்கு முந்திய நேரத்தில் ரத்தத்துச் சர்க்கரை என்ன கதிக்கு ஆளாகும் என்பதை வைத்தியர்களாகிய உங்களுக்கு நான் விளக்கவேண்டியதில்லை. பிற்பகல் நாலு மணிக்கு ஆம்புலன்ஸில் கொண்டுவந்தார்கள். சட்டை வியர்வையில் தோய்ந்திருந்தது. கூப்பிட்டால் பதில் இல்லை. ஐம்பது சதவீத டெக்ஸ்ட்ரோஸை நரம்பில் ஏற்றிய சில நிமிஷத்தில் கண்ணைத் திறந்தார். அவருடைய மனைவி கைப்பையிலிருந்து அந்த அட்டையை எடுத்து என் முன் நீட்டி, "எழுதியிருக்கிறபடிதானே செய்தோம், டாக்டர்? டின்னருக்கு அரைமணி முன்னால்தான் போட்டுக்கொண்டார்" என்று நடுங்கும் குரலில் சொன்னபோது, எழுத்தையும் பார்த்தேன், கடிகாரத்தையும் பார்த்தேன், காரணம் எனக்கு அந்தக் கணமே விளங்கிவிட்டது.

விளங்கியதைச் சொன்னேன், எழுத்திலும் கொடுத்தேன். ஆனால் விசாரணைக் குறிப்பில் இடம்பெற்ற வாக்கியம் வேறு: வெளிநாட்டு டாக்டர் வாய்மொழியாகச் சொன்னதை நோயாளி சரியாகப் புரிந்துகொள்ளாமல் இருந்திருக்கலாம் என்பது அது. அட்டை நோயாளியின் கையில் இருந்தது, எழுத்து யாருடையது என்பதை வார்டில் இருந்த ஸிஸ்டர் அறிவார், அவரே எனக்காகப் பேசியும் பார்த்தார். ஆயினும் அந்த வாக்கியம் திருத்தப்படவில்லை. பர்மிங்ஹாம் சர்வகலாசாலைப் பேராசிரியர் ஆலன் ராஸ் 1954-லேயே, மத்தியான உணவை டின்னர் என்பதும் லஞ்ச் என்பதும் ஆங்கிலேயரின் வர்க்கத்தைக் காட்டிக்கொடுக்கும் அடையாளங்கள் என்று ஆராய்ந்து எழுதி, 1956-ல் நான்ஸி மிட்ஃபோர்ட் வெளியிட்ட நூலின் வழியே அந்த விவகாரம் படித்தவர்கள் வீட்டு வரவேற்பறைகளிலெல்லாம் பேச்சாகியிருந்தது. அதை அறிய வாய்ப்பிருந்தவர் யார், சென்னையிலிருந்து வந்த நானா, அந்த மண்ணிலேயே பிறந்த ரெஜிஸ்ட்ராரா என்று அன்று கேட்டேன்; இன்றும் கேட்கிறேன்.

சுரங்கத் தொழிலாளியின் வழக்கு கொச்சை என்று எவரேனும் உங்களிடம் சொன்னால் நம்பவேண்டாம். எட்டாம் ஹென்றியின் காலத்தில் பிரபுக்களே நண்பகலுக்கு முன் டின்னர் உண்டவர்கள். 18, 19-ஆம் நூற்றாண்டுகளில் நாகரிகக் குடும்பங்கள் அந்த வேளையைச் சிறிது சிறிதாக இரவுக்குத் தள்ளிக்கொண்டு போயின. இடையில் விழுந்த பள்ளத்தை லஞ்சும் பிற்பகல் தேநீரும் நிரப்பின. உழைப்பாளி மட்டும் பழைய வேளையையும் பழைய பெயரையும் விடாமல் காத்தான். பிற தேசங்களிலும் இதே கதைதான். பாரிஸில் தேழனே என்றால் மத்தியான உணவு, பெல்ஜியத்திலும் கியூபெக்கிலும் அதுவே காலை உணவு. ஸ்வீடனில் ஃப்ரூகோஸ்ட் காலையில், எதிர்க்கரையில் டென்மார்க்கில் ஃப்ரோகோஸ்ட் நண்பகலில். மருந்தின் குழப்பத்தையாவது தீர்க்க முடிந்தது: இன்சுலின் இருபது, நாற்பது, எண்பது யூனிட் என்று மூன்று பலங்களில் விற்கப்பட்டுக் குழப்பம் விளைந்ததால், 1983-ல் பிரிட்டன் அதை நூறு என்ற ஒரே பலத்துக்கு மாற்றியது. ஆனால் உணவு வேளைகளின் பெயர்களை அப்படி ஒன்றாக்க எந்த அரசாங்கத்தாலும் ஆகாது.

ஆகவே மணியை எழுதுங்கள். "காலை ஏழரை, மாலை ஐந்து" என்று எழுதிக் கொடுத்து, நோயாளியையே திருப்பிச் சொல்லச் செய்யுங்கள். எத்தனை மணிக்கு உண்பீர்கள், தட்டில் என்னென்ன இருக்கும் என்று கேளுங்கள். அந்த வேளைக்கு என்ன பெயர் என்று கேட்காதீர்கள். இது குழந்தைக்குச் சொல்வதுபோல் இருக்கிறது என்று மேலதிகாரிகள் முகம் சுளித்தாலும் பொருட்படுத்த வேண்டாம். ஊர் திரும்பிய பின்னும் இந்த வழக்கத்தை நான் விடவில்லை. ஏனெனில் காலையில் இட்லியும் இரவில் இரண்டு தோசையும் தின்றுவிட்டு, "சாப்பாடு மத்தியானம் ஒரு வேளைதானுங்க, மற்றதெல்லாம் டிபன்தான்" என்று சொல்கிறவர்கள் நம் ஊரில் ஏராளம். அவர்களிடம் சாப்பாட்டுக்கு முன் என்று சொல்லிக் கொடுத்த மாத்திரை நாளுக்கு ஒன்றுதான் செலவாகும்.

விருந்துகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை: யார்க்ஷயர்க்காரர் டீக்கு அழைத்தால் பசியோடு போங்கள், கிறிஸ்துமஸ் டின்னருக்கு எந்தப் பகுதிக்காரர் அழைத்தாலும் பகலிலேயே போய்ச் சேருங்கள். மருந்து அட்டை எழுதுகையில் இரவு ஷிப்டுக்காரர்களிடம் மட்டும் இரட்டிப்புக் கவனம் தேவை. காலை ஆறு மணிக்கு வேலை முடிந்து வந்து, குளித்து, வயிறார உண்டு, பிற்பகல்வரை உறங்குகிற மனிதருக்கு மேலே சொன்ன மணிக்கணக்கும் உதவாது. அவரை உட்காரவைத்து, வேலைக்குப் போகும் நேரம், திரும்பும் நேரம், உறங்கும் நேரம் மூன்றையும் கேட்டு, ஷிப்டு மாறும் வாரத்துக்குத் தனி அட்டை ஒன்று எழுதிக் கொடுங்கள்.