அம்பிட்டியவில் குடியேற வரும் மகனுக்கும் மருமகளுக்கும் பெரியப்பா எழுதுவது



கோயம்புத்தூரிலிருந்து கண்டிக்குக் குடிபெயரும் ஒரு குடும்பம், லண்டனுக்கோ டோக்கியோவுக்கோ செல்லும் குடும்பத்தைவிடக் கூடுதல் கவனத்தோடு இருக்க வேண்டும். முற்றிலும் அயலான ஊரில் எதையும் கேட்டறிந்து நடப்போர், சோறும் இடியப்பமும் பிள்ளையார் கோயிலும் உள்ள ஊரில் கேட்காமலே எல்லாம் தெரிந்துவிட்டதாக எண்ணிக்கொள்கின்றனர். பிழைகள் பெரும்பாலும் அந்த எண்ணத்திலிருந்தே பிறக்கின்றன. இரு நாட்டுப் பணத்துக்கும் ரூபாய் என்றே பெயர் இருந்தாலும் மதிப்பு வேறு. ஆகவே ஒவ்வொரு விலையையும் இந்திய ரூபாயாக மாற்றிப் பார்த்துக்கொண்டிருக்கும் வரை வீட்டுக் கணக்கு ஒழுங்குக்கு வராது.

கண்டி வாவிக்குத் தென்கிழக்கே, தலாத்துஓயாவுக்குச் செல்லும் வீதியில் உள்ள அம்பிட்டிய, அயலாரைக் கண்டு பழகிய ஊர். பாப்பரசர் பதின்மூன்றாம் லியோ 1893இல் இங்கு நிறுவிய குருமடம், அதாவது கத்தோலிக்கக் குருமாரைப் பயிற்றுவிக்கும் கல்லூரி, பெல்ஜிய இயேசு சபையினரால் நடத்தப்பட்டு, 1955இல் புனேக்கு மாற்றப்படும் வரை இந்தியாவின் பல பகுதிகளிலிருந்தும் மாணவர்களை ஈர்த்தது. எனவே புதியவர் வந்திருப்பது இவ்வூரில் செய்தியாகாது. அவர் எவ்வாறு பழகுகிறார் என்பதே கவனிக்கப்படும்.

வீட்டுக்குள் சிறு இடர்கள் பல உண்டு. சுவரிலுள்ள மின்துளைகள் பெரும்பாலும் சதுரக் கால் கொண்ட 13 ஆம்பியர் பிளக்குக்கு உரியவை என்பதால், ஊரிலிருந்து கொண்டுவரும் மிக்சியும் கிரைண்டரும் பிளக் மாற்றப்படும் வரை பயன்படா. பாண், அதாவது ரொட்டி, விற்கும் ஓட்டோ பேத்தோவனின் ‘ஃபூர் எலிஸ்’ மெட்டை ஒலித்துக்கொண்டு தெருவில் வரும். பிள்ளைகள் அதற்கு முதல் வாரத்திலேயே பழகிவிடுவர். வீடு தேடும்போது அறைகளின் எண்ணிக்கையைவிட, வீட்டின் பின்புறச் சரிவையும் மழைநீர் வடியும் வழியையும் மதில் வெடித்துள்ளதா என்பதையும் முதலில் பார்க்க வேண்டும். இரு பருவமழைகளும் எட்டும் மலைச்சரிவில் மண்சரிவு மெய்யான ஆபத்து.

ஒவ்வொரு பௌர்ணமியும் போயா எனப்படும் பொது விடுமுறை நாள். அன்று மதுவும் இறைச்சியும் விற்கப்படுவதில்லை. பேருந்தின் முன்னிருக்கைகள் மதகுருமாருக்கு ஒதுக்கப்பட்டவை ஆதலால், பிக்கு ஒருவர் ஏறியதும் அங்கிருப்போர் எழுந்து இடம் விடுவர். பெண்கள் பிக்குவின் அருகில் அமர்வதில்லை. புத்தர் சிலைக்கு முதுகு காட்டி நின்று படம் எடுப்பது இங்கு பெருங்குற்றமாகக் கருதப்படும். புத்தர் சிலைகளோடு அவமதிப்பாகப் படம் எடுத்த சுற்றுலாப் பயணிகள் நீதிமன்றம் வரை சென்றதுண்டு. எசல பெரஹெரா என்னும், புத்தரின் பல்லைப் பேணும் தலதா மாளிகையின் திருவிழா நாட்களில் நகர வீதிகள் மூடப்படும் என்பதால் போக்குவரத்தை முன்கூட்டியே திட்டமிட வேண்டும். ஆனால் அதைத் தடையாக மட்டும் கருதாமல் பிள்ளைகளை அழைத்துச் சென்று காட்ட வேண்டும். மாளிகையின் ஊர்வலத்தைத் தொடர்ந்து நாதன், விஷ்ணு, கதிர்காமக் கடவுள், பத்தினி ஆகிய நால்வரின் ஊர்வலங்களும் வருவதைக் காணும்போது, கதிர்காமக் கடவுளான முருகனும் பத்தினியான கண்ணகியும் இந்நகருக்கும் உரியவர்கள் என்பது அவர்களுக்குத் தெரியவரும்.

இந்நகரில் குடியேறிய தமிழகத்தவருள் மிகவும் புகழ்பெற்றவர்கள், 1739 முதல் 1815 வரை கண்டியை ஆண்ட நாயக்க அரசர்கள். அவர்களுள் கீர்த்தி ஸ்ரீ இராஜசிங்கன், 1753இல் சீயத்திலிருந்து, அதாவது இன்றைய தாய்லாந்திலிருந்து, பிக்குமாரை வரவழைத்துப் பௌத்த சங்கத்துக்கு மீண்டும் உயிரூட்டினான். ஆயினும் அவன் திருநீறு பூசுவதை விடவில்லை என்பது, 1760இல் அவனுக்கு எதிராகச் சூழ்ச்சி செய்தோர் கூறிய குறைகளுள் ஒன்று. அரசனே ஆயினும் வந்தவரை ஊர் உற்று நோக்கும். அதற்காகத் திருநீற்றை விடவேண்டியதில்லை. கீர்த்தி ஸ்ரீயைப் போல, ஊர் போற்றுவதையும் முழு மனத்தோடு போற்றக் கற்றுக்கொண்டால் போதும்.

இவை யாவற்றினும் மேலாக மகனும் மருமகளும் கருத்தில் கொள்ள வேண்டியது மலையகத் தமிழரோடு பழகும் முறையாகும். மலையகத் தமிழர் என்போர், பிரித்தானியர் காலத்தில் கோப்பி, தேயிலைத் தோட்டங்களுக்காகத் தமிழகத்திலிருந்து கொண்டுவரப்பட்டவர்களின் வழிவந்தோர். 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அவர்களுள் ஏறத்தாழ 7 லட்சம் பேரை நாடற்றோராக்கியது. இரு நாட்டுப் பிரதமர்கள் 1964இல் செய்த சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம், அவர்களைக் கேளாமலே, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு எனப் பங்கிட்டதால், ஒரே லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீட்டில், பிறந்து வளர்ந்த உறவுகள் இரு நாட்டினராகப் பிரிந்தன. எஞ்சியோரின் குடியுரிமைக்கு 2003ஆம் ஆண்டில்தான் சட்டம் வழிசெய்தது. இந்த வரலாறு தெரியாத ஒருவர், கடைக்காரரையோ ஆசிரியரையோ பார்த்து, ‘இந்தியாவில் எந்த ஊர்?’ என்று அன்போடு கேட்டாலும், கேட்கப்பட்டவருடைய பெற்றோரும் பாட்டன்மாரும் தாம் ‘இந்த நாட்டவர்’ என்று நிறுவுவதற்கு நடத்திய நெடிய போராட்டத்தை ஒரே கேள்வியில் தள்ளிவிடுகிறார். திருச்சி, புதுக்கோட்டை உறவை அவர்களே எடுத்துச் சொன்னால் ஆர்வத்தோடு கேட்கலாம். வந்தவர் அதைத் தோண்டக் கூடாது. வீட்டு வேலைக்குத் தோட்டத்துப் பெண்ணை அமர்த்தினால், உரிய ஊதியத்தோடு, பன்மையில் அழைக்கும் மரியாதையையும் வழங்க வேண்டும். இதில் பெரியப்பாவுக்கு விட்டுக்கொடுப்பு இல்லை.

தமிழ் இங்கு அரச கரும மொழிகளுள் ஒன்று என்றாலும், அம்பிட்டியவின் அன்றாடப் பேச்சு பெரிதும் சிங்களத்தில் நடப்பது. நள்ளிரவில் பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டால் முதலில் கதவைத் திறப்பவர் அடுத்த வீட்டுச் சிங்களப் பெண்மணியாகவே இருப்பார். அவரிடம் ஆங்கிலத்தில் பேசுவது இயலும், ஆனால் நெருக்கம் வராது. ஆதலால் புறப்படுவதற்கு முன்பே எண்களையும் உறவுப் பெயர்களையும் நலம் கேட்கும் தொடர்களையும் கற்றுக்கொண்டு, வந்தபின் வாரந்தோறும் ஓர் ஆசிரியரிடம் மருமகளும் மகனும் சேர்ந்தே படிக்க வேண்டும். ஆசிரியரைப் பெரியப்பா ஏற்கெனவே பேசி வைத்திருக்கிறார்.

இப்படிக்கு,
பெரியப்பா
அம்பிட்டிய