ஏழு எஃகும் ஒரு சாணைக்கல்லும்

அன்புள்ள தம்பிக்கு,

நீ அனுப்பிய பட்டியல் கிடைத்தது. டி2, 8சிஆர்13எம்ஓவி, 440சி, விஜி-10, எஸ்30வி, மேக்னாகட், 12சி27 என்று ஏழு எஃகுப் பெயர்கள். ஒவ்வொன்றுக்கும் நேராகக் கார்பன் இத்தனை சதம், குரோமியம் இத்தனை சதம், ராக்வெல் கடினம் இத்தனை என்று கட்டம் போட்டு எழுதியிருக்கிறாய். கடைசி வரியில், “எது சிறந்தது அண்ணா?” என்ற கேள்வி. மண்டி ஹவுஸ் பக்கம் மேடை அமைப்புக் கற்க வரும் பிள்ளைகள் எல்லோருக்கும் ஒரு கட்டத்தில் இந்தக் கேள்வி வந்துவிடுகிறது. அதனால் உனக்கு மட்டும் எழுதாமல் பொதுவிலேயே எழுதுகிறேன்.

எஃகைப் பேசுவதற்கு முன்னால் நீளத்தைப் பேசியாக வேண்டும், ஏனென்றால் நீ இருப்பது தில்லி. ஆயுதச் சட்டத்தின் கீழ் 1980-இல் தில்லி நிர்வாகம் வெளியிட்ட அறிவிக்கை ஒன்று இன்றும் வழக்குகளில் மேற்கோளாகிறது. பட்டன்தார், கராரிதார் என்று இங்கே சொல்லப்படும் கத்திகளும், வில்லாலோ வேறு இயந்திர அமைப்பாலோ திறந்து மூடும் கத்திகளும், 7.62 செ.மீ. அல்லது அதற்கு மேல் நீளமும் 1.72 செ.மீ. அல்லது அதற்கு மேல் அகலமும் உள்ள வாயோடு இருந்தால் அதன் பிடிக்குள் வருகின்றன. 7.62 செ.மீ. என்பது சரியாக மூன்று அங்குலம். இங்கிருந்து கிழக்கே நான்கு மணி நேரப் பயணத்தில் ராம்பூர் இருக்கிறது. இந்திப் படங்களில் வில்லன் சடசடவென்று விரிப்பானே, அந்தக் கத்தியின் ஊர். அந்தச் சத்தத்தை எழுப்பும் பற்சக்கரம்தான் கராரி. சட்டம் குறிவைத்தது அந்த வகையை. உன் கத்தி வேறு வகை என்று பிரித்து வாதிட இடமிருக்கலாம். ஆனால் ராஜீவ் சௌக் மெட்ரோ வாசலில் சிஐஎஸ்எஃப் காவலரிடம் போய் அந்த வாதத்தை வைக்காதே. மூன்று அங்குலத்துக்குள், நகத்தால் இழுத்துத் திறக்கும், பொத்தானில்லாத கத்தி என்று முதலில் முடிவு செய். அதையும் தினமும் சட்டைப்பையில் போட்டுத் திரியாமல் வேலைப்பெட்டியில் வை.

இந்த ஒரு முடிவிலேயே உன் பட்டியல் எஃகுகளில் வரும் கத்திகள் பல அடிபட்டுவிடும். வீம்புக்கு விற்கப்படும் பெரிய டி2 கத்திகள் பலவும் மூன்றரை அங்குலத்துக்கு மேல்தான்.

அடுத்து, நீ எதை வெட்டுகிறாய்? இந்தக் கேள்வி உன் பட்டியலில் எங்குமே இல்லை. கீர்த்தி நகரிலிருந்து வரும் பலகைக் கட்டுகளின் சணல் சுதலி, அட்டைப்பெட்டி, தெர்மோகோல், திரைத்துணி, ஒட்டுநாடா, மதியம் ஒரு எலுமிச்சம்பழம். இவை ஒவ்வொன்றும் கத்தியை ஒவ்வொரு விதமாகக் கெடுக்கும். அட்டைக்குள் களிமண்ணும் மணல்தூசியும் இருப்பதால் அது வாயைத் தேய்க்கும். பெட்டியில் மறைந்திருக்கும் ஸ்டேப்ளர் பின் சில்லுப் பெயர்க்கும். கட்டு முடிச்சில் கத்தியை நெம்பினால் வாய் ஒரு பக்கமாக மடங்கிக்கொள்ளும். எலுமிச்சைச் சாறு அரிக்கும். மழுங்கிவிட்டது என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம், ஆனால் அது நான்கு தனித்தனி நோய். மடங்குவதைத் தடுப்பது கடினத்தன்மை. தேய்வதைத் தடுப்பவை எஃகுக்குள் விரவிக் கிடக்கும் கார்பைடு துகள்கள். சில்லுப் போகாமல் காப்பது முறிவு தாங்கும் தன்மை. அரிப்பை நிறுத்துவது குரோமியம். நான்கையும் உச்சத்தில் தரும் எஃகை இதுவரை யாரும் உருக்கியதில்லை. ஒன்றைக் கூட்டினால் இன்னொன்று குறைகிறது, குறிப்பாகத் தேய்மானத் தாங்கலும் முறிவு தாங்கலும் ஒன்றின் காலை ஒன்று வாரும்.

துருப் பிடிக்காததெல்லாம் நல்ல கத்தி இரும்பு என்று நம்புகிறவர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை மெஹ்ரௌலிக்குப் போய்வரலாம். குதுப் வளாகத்து இரும்புத் தூண் ஏழு மீட்டருக்குச் சற்று மேல் உயரம், ஆறு டன்னுக்கு மேல் எடை, வயது ஏறத்தாழ 1,600 ஆண்டு. அது ஏன் துருவில் கரையவில்லை என்பதைக் கான்பூர் ஐஐடியின் ஆர். பாலசுப்ரமணியம் பல ஆண்டுகள் ஆராய்ந்தார். அந்தக் காலத்து உலையில் சுண்ணாம்பு சேர்க்காததால் பாஸ்பரஸ் இரும்பிலேயே தங்கியது. அந்தப் பாஸ்பரஸ்தான் மேற்பரப்பில் ஒரு மெல்லிய காப்புப் படலம் உருவாகக் காரணம் என்று காட்டினார். அற்புதமான இரும்பு. ஆனால் அதில் கார்பன் மிகக் குறைவு. பழுக்கக் காய்ச்சித் தண்ணீரில் துவைத்தாலும் கத்திக்கு வேண்டிய விறைப்பு அதற்கு வராது. துரு ஒரு கணக்கு, கூர் வேறு கணக்கு.

இனி உன் கட்டங்களுக்கு வருகிறேன். குரோமியம் என்ற பத்தியில் டி2-க்கு 12, மேக்னாகட்டுக்கு 10.7 என்று எழுதி, முன்னதுக்கு ஒரு நட்சத்திரமும் போட்டிருக்கிறாய். அந்த நட்சத்திரத்தை அழித்துவிடு. டி2-வில் கார்பன் ஒன்றரை சதம். அந்தக் கார்பனில் பெரும்பகுதி குரோமியத்தைப் பிடித்து இழுத்துக் கார்பைடாகக் கட்டிப்போட்டுவிடுகிறது. அப்படிக் கட்டுண்ட குரோமியம் துருவைத் தடுக்காது, எஃகில் கரைந்து நிற்கும் குரோமியம்தான் தடுக்கும். அதனால்தான் டி2 பாதித் துருவெதிர்ப்பு எஃகு. தில்லி ஆகஸ்டில், வேர்த்த கையோடு இரண்டு நாள் விட்டால் புள்ளி விழும். மேக்னாகட்டை 2021-இல் வெளிக்கொணர்ந்த அமெரிக்க உலோகவியலாளர் லாரின் தாமஸ் செய்த வேலையே இதுதான். குரோமியம் கார்பைடாகிவிடாதபடி கலவையைத் திட்டமிட்டு, கார்பைடாகும் வேலையை வெனேடியத்துக்கும் நியோபியத்துக்கும் கொடுத்தார். குரோமியம் குறைவு, துருவெதிர்ப்போ டி2-வைவிட வெகு தூரம் மேல். கலவைச் சதவீதத்தை வைத்து எஃகை எடைபோட்டால் இப்படித்தான் ஏமாறுவோம்.

டி2-வின் இன்னொரு சிக்கல் அந்தக் கார்பைடுகளின் பருமன். கடலை மிட்டாயை மெல்லிசாகச் சீவிப் பார், ஓரத்தில் இருக்கும் கடலை முழுசாகப் பெயர்ந்து பள்ளம் விழும். எள்ளு மிட்டாயில் அந்தத் தொல்லை குறைவு. டி2 கடலை மிட்டாய். எஃகைத் தூளாக்கி மீண்டும் அழுத்திச் சேர்க்கும் முறையில் வரும் எஸ்30வி-யும் மேக்னாகட்டும் எள்ளு மிட்டாய். 12சி27-இல் எள்ளும்கூடக் கொஞ்சம்தான், பெரும்பாலும் பாகு. அது சவர பிளேடு எஃகின் நெருங்கிய உறவு: கார்பன் 0.6, குரோமியம் பதின்மூன்றரை. (சவர பிளேடுக்கான எஃகுத் தகடு நமக்கு வெகு தூரத்து விஷயமல்ல. இங்கிருந்து மேற்கே ஹிசாரில் ஜிந்தல் ஆலை அதை உருட்டுகிறது.) துகள் நுண்மையாக இருப்பதால் 12சி27 மிக மெல்லிய வாயைத் தாங்கும். தெர்மோகோலையும் திரைத்துணியையும் நார் இழுக்காமல் வெட்ட உனக்கு வேண்டியது அந்த மெல்லிய வாய்தான்.

440சி-யும் விஜி-10-உம் நல்லவை. 8சிஆர்13எம்ஓவி அதன் விலைக்கு மோசமில்லை. இவற்றைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை.

எஸ்30வி பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் உன் மனம் அங்கேதான் இருக்கிறது என்று தெரிகிறது. 2001-இல் வந்த எஃகு, வெனேடியம் 4 சதம். வெனேடியம் கார்பைடு சாதாரண அலுமினியம் ஆக்சைடு சாணைக்கல்லைவிடக் கடினமானது. சிலிக்கன் கார்பைடு கல்லுக்கும் அது லேசில் இணங்காது. கல் எஃகைத் தேய்க்கிறது, துகளோ அப்படியே நிற்கிறது. தீட்டும்போது ஓரத்தில் எழும் பிசிறு போகவும் கூர் வரவும் நெடுநேரம் பிடிக்கும். வைரத்தூள் பதித்த தட்டு இருந்தால்தான் வேலை சீக்கிரம் நடக்கும். அட்டைப்பெட்டி வெட்டுவதில் 12சி27-ஐவிட நெடுநாள் உழைக்கும் என்பது உண்மை. ஆனால் மழுங்கும் நாள் ஒன்று வரும். அன்றைக்கு ஒத்திகைக்கு இரண்டு மணி நேரம் முன்னால், கையில் இருக்கும் கல்லால் உன்னால் அதைத் தீட்ட முடியுமா? முடியாதென்றால் மற்றவர்கள் சொல்லும் பெருமையெல்லாம் உனக்கு உதவாது. எஃகை ஒப்பிடும்போது நான் முதலில் கேட்பது, அது எவ்வளவு நாள் கூராக இருக்கும் என்பதல்ல. மழுங்கிய பிறகு எத்தனை நிமிடத்தில் திரும்பும் என்பதுதான். மேடை வேலைக்காரனுக்கு அதுதான் கணக்கு.

ராக்வெல் பத்தியையும் அவ்வளவாக நம்பாதே. ஒரே பெயருள்ள எஃகு, காய்ச்சித் துவைத்துப் பிறகு பதமாகச் சூடேற்றும் முறையைப் பொறுத்து வேறு வேறு கத்தியாகும். அமெரிக்காவின் பக் நிறுவனம் 420எச்சி என்ற எளிய எஃகை வைத்தே நல்ல பெயர் வாங்கியது அந்தச் சூட்டுப் பக்குவத்தால்தான். விக்டோரினாக்ஸ் வாய் ராக்வெல் 56. இன்றைய கத்திப் பிரியர்கள் அந்த எண்ணைப் பார்த்தால் முகம் சுளிப்பார்கள். ஆனால் ஒரு பீங்கான் கோப்பையின் அடிவிளிம்பில் பத்து இழுப்பு இழுத்தால் அது திரும்பிவிடும்.

எஃகின் பெயரைவிட வாயின் கோணம் பெரிது. லாரின் தாமஸ் 48 எஃகுகளை ஒரே வடிவக் கத்திகளாக்கி, மணல்தூள் கலந்த அட்டையை வெட்டும் இயந்திரத்தில் சோதித்தார். ஷெஃபீல்டின் கட்ரா நிறுவனம் வகுத்த சோதனை அது. எஃகுக்கு எஃகு வித்தியாசம் வரத்தான் செய்தது. ஆனால் கோணத்தைக் குறுக்கினால் கிடைக்கும் ஆதாயம் அதற்குச் சளைத்ததல்ல. ஆலையிலிருந்து தடித்த கோணத்தோடு வரும் விலையுயர்ந்த கத்தியை, ஒழுங்காகத் தீட்டிய சாதாரணக் கத்தி வெட்டும் வேலையில் தோற்கடிக்கும். முதுகின் தடிமனையும், வாய்க்குச் சற்று மேலே கத்தி எவ்வளவு மெல்லிசு என்பதையும் பார். அந்தப் பத்தி உன் கட்டத்தில் இல்லை, சேர்த்துக்கொள்.

ஆகவே என் சொல் இது. 12சி27 வாயுள்ள ஒபினெல் 6-ஆம் எண் வாங்கு. வாய் 7 செ.மீ. அளவு, நீளத்தில் எல்லைக்குள் நிற்கும். எல்லோரும் பரிந்துரைக்கும் 8-ஆம் எண் எட்டரை செ.மீ., தில்லிக்கு அது வேண்டாம். திருப்புளியும் கத்தரியும் கூடவே வேண்டுமென்றால் விக்டோரினாக்ஸ். இரண்டில் எதுவானாலும் கூடவே ஒரு இரட்டைமுகச் சாணைக்கல் வாங்கு, நம் சென்னையில் 1954-இல் தொடங்கிய கார்போரண்டம் யுனிவர்சல் தயாரிக்கும் கல்லே போதும். சாவ்ரி பஜார் பக்கம் கேட்டால் கிடைக்கும். வாயோரத்தில் மார்க்கர் பேனாவால் கோடு போட்டுக்கொண்டு தீட்டு. எங்கே மை அழிகிறதோ அங்கேதான் கல் படுகிறது. ஒரு பக்கம் முழுதும் பிசிறு எழும்பும் வரை அடுத்த பக்கத்துக்குத் திருப்பாதே. புதிதாய்க் கற்பவர்கள் அவசரப்படும் இடம் இது ஒன்றுதான். கடைசியில் பழைய தோல் பெல்ட்டின் உட்புறத்தில் பின்னோக்கி இழுத்தால் பிசிறு போய்விடும்.

சைக்கிளில் சக்கரம் சுழற்றிச் சாணை பிடிக்க வருபவரிடம் மட்டும் இதைக் கொடுக்காதே. அவர் மேல் குறையில்லை, வீட்டு அரிவாள்மணைக்கு அது சரி. உலர்ந்த சக்கரத்தில் பொறி பறக்கும்போது மெல்லிய வாய் ஒரு நொடியில் சூடேறிப் பதம் இழக்கும். ஓரத்தில் நீலம் படர்ந்தால் அந்த இடம் போயிற்று என்று பொருள். அதைத் தேய்த்து எறிந்தாலொழிய கூர் நிற்காது.

நீ கேட்காத ஒன்று. அலையலையாய் வரியோடிய “டமாஸ்கஸ்” மடக்குக் கத்தியின் படத்தையும் அனுப்பி, இது நம் பழைய உருக்குதானே என்று ஆசையாய்ப் பார்த்திருக்கிறாய். இல்லை. அது இரண்டு எஃகுகளை அடுக்கி அடித்து ஒட்டிய வேலைப்பாடு. எந்த இரண்டு, எப்படித் துவைத்தார்கள் என்பது பெரும்பாலும் விற்பவருக்கே தெரியாது. தமிழ்நாட்டுக் கொடுமணலிலும், சாரதா ஸ்ரீனிவாசன் ஆராய்ந்த மேல்சிறுவலூரிலும் மூசையில் உருக்கிய எஃகு வேறு ஜாதி. கார்பன் மிகுந்த அத்தகைய கட்டிகளில் இருந்த துளி வெனேடியம்தான் வரிகளை உண்டாக்கியது என்று உலோகவியலாளர் வெர்ஹோவனும் கொல்லர் பென்ட்ரேயும் 1990-களில் செய்து காட்டினார்கள். இன்று நீ ஆசைப்படும் எஸ்30வி-யில் இருக்கும் அதே வெனேடியம். பெருமைப்படு, தாராளமாக. வரிக்காகக் காசு கொடுக்காதே.

மழைக்காலத்தில் ஒபினெலின் பீச் மரப்பிடி உப்பிக்கொண்டு வாயை இறுக்கும். நகத்தைப் பிய்த்துக்கொள்ளாமல், பிடியின் பின்முனையை மேசை விளிம்பில் ஒரு தட்டுத் தட்டினால் வாய் எட்டிப் பார்க்கும். ஒபினெல் பிறந்த பிரான்சின் சவோய்ப் பகுதிக் குடியானவர்களின் பழைய வித்தை அது. எலுமிச்சை வெட்டினால் துடைத்து மூடு, பூட்டு வளையத்துக்குள் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய்.

மூங்கில் பிளக்க மட்டும் இதைத் தொடாதே. அதற்குப் பட்டறையில் ஒரு வெட்டரிவாள் தொங்கும். லாரியின் பழைய கமானிப் பட்டையில் அடித்ததாய் இருந்தால் இன்னும் நல்லது, அந்த எஃகு அடி வாங்கவென்றே பிறந்தது.

அன்புடன்,
அண்ணன்