மணி பார்க்கத் தெரியாத மணி

'நாய்க்கு வேலையுமில்லை, நிற்க நேரமுமில்லை' என்பது நம் ஊர்களில் வழங்கும் பழமொழி. எங்கள் வீட்டுக்கு ஒரு நாய்க்குட்டி வரும்வரை நாங்களும் அதை உண்மை என்றே நம்பியிருந்தோம். வந்த பிறகு வேறொன்றைக் கற்றுக்கொண்டோம். எல்லாரும் வேலைக்கும் பள்ளிக்கும் போய்விடும் வீட்டில், தனியே விடப்படும் குட்டிக்கு நேரம் நிறையவே இருக்கிறது. அந்த நேரத்தை என்ன செய்வது என்றுதான் அதற்குத் தெரிவதில்லை. அன்புத் தோழியரே! எங்கள் அறியாமையால் ஒரு வாயில்லா ஜீவன் பட்ட துன்பத்தையும், அதிலிருந்து நாங்கள் கற்ற பாடத்தையும் இக்கட்டுரையில் எழுத முனைகிறோம்.

குட்டி வந்த கதை

எங்கள் வீடு பாளையங்கோட்டையில் ஒரு வளவில் இருக்கிறது. அப்பா அலுவலகத்தில் எழுத்தர். அம்மா மருத்துவமனையில் செவிலியர். அக்கா தம்பி நாங்கள் இருவர். சென்ற மே மாத விடுமுறையில், பிறந்து நாற்பத்தைந்தே நாளான ஒரு நாட்டு நாய்க்குட்டியைத் தூக்கி வந்தோம். செம்மண் நிறம், நெற்றியில் ஒரு வெள்ளைப் பொட்டு. 'மணி' என்று பெயரிட்டோம்.

விடுமுறை முழுவதும் மணி எங்கள் மடியிலேயே வளர்ந்தது. நாங்கள் உண்டால் அதுவும் உண்ணும். நாங்கள் உறங்கினால் அதுவும் காலடியில் உறங்கும். ஒரு நாழிகைகூட அது தனியே இருந்ததில்லை. இதைப் பெருமையாக எண்ணினோமே தவிர, ஜூன் மாதம் பள்ளி திறக்கும் என்பதை நினைத்துப் பார்க்கவில்லை.

பள்ளி திறந்த நாளும் வந்தது. காலை எட்டே கால் மணிக்கு மணியைச் சன்னல் கம்பியில் கயிற்றால் கட்டினோம். பக்கத்தில் ஒரு தட்டில் சோறும், ஒரு கிண்ணத்தில் தண்ணீரும் வைத்துக் கதவைப் பூட்டிவிட்டுக் கிளம்பினோம். மாலை நாலரை மணிக்குத் திரும்பியபோது பக்கத்து வீட்டு ஆச்சி வாசலிலேயே நின்றிருந்தார்.

"ஏட்டி, ஒங்க குட்டி காலையிலேர்ந்து அழுதுக்கிட்டே கெடந்துச்சு. இப்போ ஒரு மணி நேரமா சத்தத்தையே காணோம். கைப்பிள்ளைய விட்டுட்டுப் போன மாதிரிலா இருக்கு" என்றார்.

கதவைத் திறந்தோம். கயிறு கட்டிலின் காலில் நாலைந்து சுற்றுச் சுற்றியிருந்தது. மணியால் ஒரு சாண்கூட நகர முடியவில்லை. தண்ணீர்க் கிண்ணம் கவிழ்ந்து கிடந்தது. சோற்றில் எறும்பு மொய்த்திருந்தது. தான் கிடந்த இடத்திலேயே சிறுநீர் கழித்து, அதிலேயே படுத்திருந்தது குட்டி. எங்களைக் கண்டதும் வாலை ஆட்டியது, குரைக்க வாய் திறந்தது, குரல் வரவில்லை. தம்பி அழுதுவிட்டான். எங்கள் இருவருக்கும் அன்று சாப்பாடு இறங்கவில்லை.

மருத்துவர் கேட்ட கேள்வி

அன்று மாலையே அப்பா எங்களைக் கால்நடை மருத்துவரிடம் அழைத்துச் சென்றார். அவர் மணியின் ஈறுகளையும் தோலையும் தொட்டுப் பார்த்து, உடம்பில் நீர் குறைந்திருப்பதாகச் சொல்லி, மருந்து கொடுத்தார். எங்களை ஏசவில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "நாலரை மணிக்குத் திரும்பி வந்துவிடுவோம் என்பது உங்களுக்குத் தெரியும். இதற்குத் தெரியுமா?"

எங்களிடம் பதில் இல்லை. மணி என்று பெயர் வைத்தோமே அன்றி, அதற்கு மணி பார்க்கத் தெரியாது என்பதை மறந்துவிட்டோம். கதவு மூடினால் அது மறுபடி திறக்கும் என்பதைக்கூட ஒரு குட்டி கற்றுத்தான் அறிய வேண்டும். இரவு அப்பா, "கவனிக்க ஆள் இல்லை என்றால் கொண்டுவந்த இடத்திலேயே விட்டுவிடுவோம். ஒரு வாரம் பாருங்கள்" என்றார். அந்த ஒரு வாரத்தில் மருத்துவரிடம் கேட்டும், நூல்களைப் படித்தும் நாங்கள் அறிந்தவற்றைக் கீழே தருகிறோம்.

குட்டியின் இயல்பு

நாய் மனிதனோடு வாழத் தொடங்கிப் பல்லாயிரம் ஆண்டுகள் ஆயின. ஜெர்மனியில் பான் நகருக்கு அருகே ஓபர்காஸல் என்னுமிடத்தில் 1914-ஆம் ஆண்டு ஒரு பழங்காலக் கல்லறை கண்டெடுக்கப்பட்டது. சுமார் 14,000 ஆண்டுகளுக்கு முற்பட்ட அதில் இரு மனிதரோடு ஏழு மாத வயதுள்ள ஒரு நாய்க்குட்டியும் புதைக்கப்பட்டிருந்தது. அக்குட்டி கடும் நோயுற்றுப் பல வாரம் உயிரோடிருந்தது என்றும், மனிதர் பேணாமல் அவ்வாறு பிழைத்திருக்க இயலாது என்றும் அதன் பற்களை ஆராய்ந்த அறிஞர் 2018-இல் எழுதினர். கடிகாரமும் பூட்டும் இல்லாத காலத்து மக்கள் ஒரு நோயாளிக் குட்டியின் அருகில் இருந்திருக்கிறார்கள். எல்லாம் உள்ள நாம் அதைச் செய்யத் தவறலாமா?

கூட்டமாக வாழும் இனத்தைச் சேர்ந்தது நாய். தாயும் உடன்பிறப்புகளும் ஒட்டிக் கிடக்கும் சூட்டில் பிறந்து வளர்வது அதன் குட்டி. ஆகவே எட்டு வாரம் நிரம்புமுன் தாயிடமிருந்து அதைப் பிரிக்கலாகாது. நாற்பத்தைந்தாம் நாளில் நாங்கள் தூக்கி வந்ததே எங்கள் முதல் பிழை. மேலும், மூன்றாம் வாரம் முதல் பதினான்காம் வாரம் வரை அது உலகைப் பழகும் பருவம். மனிதர், ஓசை, வாகனம், தனிமை ஆகிய எல்லாவற்றையும் அச்சமின்றி ஏற்க அப்போதுதான் கற்கிறது. ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா? நாய்க்கு அந்த 'ஐந்து' மூன்று மாதத்திலேயே முடிந்துவிடுகிறது.

எளிய கணக்கு ஒன்று

குட்டி எவ்வளவு நேரம் சிறுநீரை அடக்கும் என்பதற்கு ஒரு சுலபமான கணக்குச் சொல்வார்கள். அதன் வயது எத்தனை மாதமோ அதனுடன் ஒன்றைக் கூட்டினால் வருவது, அது தாங்கக்கூடிய மணி நேரம். இரண்டு மாதக் குட்டி மூன்று மணி நேரம். மூன்று மாதக் குட்டி நான்கு மணி நேரம். இதுவும் உச்ச வரம்புதான். மணிக்கு அன்று மூன்று மாதம்கூட நிரம்பவில்லை. நாங்கள் விட்டுச் சென்றதோ எட்டேகால் மணி நேரம்! கணக்குப் பாடத்தில் நல்ல மதிப்பெண் வாங்கும் எங்களுக்கு இந்தச் சிறு கணக்குத் தெரியாமற் போயிற்று.

இந்த வயதில் குட்டிக்கு ஒரு நாளைக்கு மூன்று அல்லது நான்கு வேளை உணவு தேவை. ஒரே தட்டில் நாள் முழுவதற்கும் வைத்துவிட்டுப் போவது தகாது. நம் ஊர் வெப்பத்தில் சோறு விரைவில் புளித்துவிடும். நாய் நம்மைப் போல் உடம்பெல்லாம் வியர்ப்பதில்லை. நாக்கை நீட்டி மூச்சிரைத்தே சூட்டைத் தணித்துக்கொள்கிறது. எனவே தண்ணீரும் காற்றும் நிழலும் அதற்கு இன்றியமையாதவை. ஆறுதலான செய்தி ஒன்றும் உண்டு: குட்டிகள் ஒரு நாளில் பதினெட்டு மணி நேரம் வரை உறங்கும். ஆகவே இடையிடையே ஒருவர் வந்து பார்த்தால், மிஞ்சிய நேரத்தை அமைதியாக உறங்கியே கழித்துவிடும்.

செய்ய வேண்டியவை

முதலாவது, இடம். கயிற்றில் கட்டிவிட்டுப் போவதை அன்றோடு விட்டோம். சமையலறைக்குப் பின்னுள்ள சிறு தாழ்வாரத்தை மரப்பலகையால் அடைத்தோம். ஒரு மூலையில் பழைய கோணிச் சாக்கும் அம்மாவின் பழைய சேலையும் படுக்கையாயின. எதிர் மூலையில் பழைய செய்தித்தாள். தான் படுக்கும் இடத்தைக் குட்டி அசுத்தம் செய்ய விரும்பாது. சேலையில் உள்ள அம்மாவின் வாசனை அதற்குத் துணையாயிற்று. கவிழாத கனமான கல்சட்டியில் தண்ணீர் வைத்தோம்.

இரண்டாவது, காவல். மின்கம்பி, பினாயில், அந்துருண்டை, எலி மருந்து ஆகியவை குட்டிக்கு எட்டக்கூடாது. வெங்காயம், பூண்டு, திராட்சை, உலர்ந்த திராட்சை, சாக்லேட் ஆகியவை நமக்கு உணவு, நாய்க்கு நஞ்சு. குட்டியின் 28 பாற்பற்கள் விழுந்து 42 நிலைப்பற்கள் முளைப்பது நான்காம் மாதத்திற்கும் ஏழாம் மாதத்திற்கும் இடையில். அப்போது ஈறு குறுகுறுப்பதால் எதையாவது கடித்துக்கொண்டே இருக்கும். அது குறும்பன்று, இயற்கை. முடிச்சுப் போட்ட பழைய துண்டு ஒன்றைக் கொடுத்தோம். எங்கள் செருப்புகள் தப்பின.

மூன்றாவது, பழக்கம். பிரிவைச் சிறிது சிறிதாகவே கற்பிக்க வேண்டும். முதல் நாள் கதவைச் சாத்திவிட்டு ஒரு நிமிடத்தில் திரும்பினோம்; பிறகு ஐந்து நிமிடம்; பிறகு பத்து; பிறகு அரை மணி. குட்டி கலங்கினால் ஒரு படி இறங்கி மீண்டும் தொடங்கினோம். ரஷ்ய அறிஞர் பாவ்லவ், உணவு வருமுன் ஓர் ஓசையைத் திரும்பத் திரும்பக் கேட்ட நாய்க்குப் பின்னர் ஓசை கேட்டவுடனே எச்சில் ஊறுவதைக் காட்டியவர் அல்லவா? அவ்வாறே சாவிக்கொத்தின் ஓசை கேட்டாலே மணி நடுங்கத் தொடங்கியிருந்தது. எனவே வெளியே போகாத வேளைகளிலும் சாவியை எடுத்துக் குலுக்கிவிட்டு அங்கேயே அமர்ந்திருந்தோம். நாளடைவில் அந்த ஓசையின் அச்சம் நீங்கியது. போகும்போது கொஞ்சிக் கொஞ்சி விடைபெறுவதையும் நிறுத்தினோம்.

நான்காவது, துணை. இதுவே யாவற்றினும் பெரியது. ஆச்சி தாமாகவே முன்வந்தார். காலை பத்தரைக்கும் பகல் ஒரு மணிக்கும் வந்து, மணியை வெளியே விட்டு, உணவு கொடுத்து, சற்று நேரம் பேசிக்கொண்டிருந்துவிட்டுப் போவார். அம்மா காலைப் பணி முடிந்து வரும் நாட்களில் மூன்று மணிக்கே வீடு திரும்புவார். நாங்கள் அரை மணி முன்னதாக எழுந்து, பள்ளிக்குப் புறப்படுமுன் அதனோடு விளையாடினோம். விளையாடிக் களைத்த குட்டி விரைவில் உறங்கும்.

ஐந்தாவது, பொறுமை. வீட்டுக்கு வந்ததும் கிழிந்த தலையணையைக் கண்டு அடிப்பவர் உண்டு. முன்பு செய்த செயலையும் இப்போது விழும் அடியையும் குட்டியால் இணைத்துப் பார்க்க இயலாது. நாய் குற்ற உணர்வோடு பார்ப்பதுபோல் தோன்றுகிறதே என்பீர்கள். அலெக்ஸாண்ட்ரா ஹோரோவிட்ஸ் என்ற ஆராய்ச்சியாளர் 2009-இல் இதைச் சோதித்தார். பிழை செய்யாத நாயும் எஜமானர் ஏசினால் அதே பார்வையைத்தான் பார்த்தது! அந்தப் பார்வை நம் கோபத்திற்கு அஞ்சும் பார்வையே.

இவற்றோடு, ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கும் தடுப்பூசிகளையும், மூன்று மாதத்தில் போடும் வெறிநாய்க்கடித் தடுப்பூசியையும் மருத்துவர் சொல்லும் நாளில் தவறாது போட வேண்டும்.

சட்டமும் கடமையும்

இது இரக்கத்தோடு முடியும் செய்தி அன்று, சட்டமும் பேசுகிறது. நாட்டியக் கலைஞரும் மாநிலங்களவை உறுப்பினருமான ருக்மிணி தேவி அருண்டேல் கொண்டுவந்த தனிநபர் மசோதா வித்திட்டதே, விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டம், 1960. வளர்ப்பவர் போதிய உணவும் நீரும் உறைவிடமும் தராமலிருப்பதும், நெடுநேரம் குறுகிய சங்கிலியில் கட்டி வைப்பதும், எப்போதும் கட்டியோ அடைத்தோ வைத்திருக்கும் நாயை உலாவ விடாமலிருப்பதும், அதன் பதினோராம் பிரிவின்படி கொடுமைகளே. அதைப் படித்தபோது எங்கள் வீட்டுச் சன்னல் கம்பிதான் கண்முன் நின்றது. உயிர்களிடம் பரிவு காட்டுவது குடிமக்களின் அடிப்படைக் கடமை என்று நம் அரசியலமைப்பின் 51-ஏ பிரிவும் கூறுகிறது.

முடிவுரை

அப்பா தந்த ஒரு வாரம் முடிந்தது. மணி எங்களோடேயே இருந்தது. இப்போது அதற்குப் பத்து மாதம். பகலில் நான்கு மணி நேரம் அமைதியாக இருக்கும். ஆனாலும் கயிற்றைக் கையில் எடுத்தால் இன்றும் கட்டிலுக்கடியில் ஓடி ஒளிந்துகொள்கிறது. அந்த ஒரு நாளை நாங்கள் அழிக்க இயலாது.

அண்மையில் எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தி தானும் ஒரு குட்டி வாங்கப் போவதாகச் சொன்னாள். நாங்கள் அவளிடம் கேட்டவை நான்கே கேள்விகள்: பகலில் யார் வீட்டிலிருப்பார்? இரண்டு மூன்று மணிக்கு ஒருமுறை யார் வந்து பார்ப்பார்? முதல் இரு வாரம் உடனிருக்க விடுமுறை உண்டா? பத்துப் பன்னிரண்டு ஆண்டு அதைப் பேண மனமுண்டா? இரண்டு நாள் கழித்து வந்து, "இப்போது வேண்டாம் என்று வீட்டில் முடிவு செய்துவிட்டோம்" என்றாள். அவள் முகத்தில் வருத்தம் இருந்தது. ஆனால் அவள் எடுத்தது அன்பான முடிவு என்றே நாங்கள் எண்ணுகிறோம். இப்போது சனிக்கிழமைதோறும் எங்கள் வீட்டுக்கு வந்து மணியோடு விளையாடுகிறாள்.

தோழியரே! குட்டி வளர்க்க ஆசை மட்டும் போதாது, நேரமும் வேண்டும். நமக்கு நாளில் பள்ளி, நட்பு, விளையாட்டு, படிப்பு எனப் பல உண்டு. அதற்கு நாம் மட்டுமே உண்டு. கதவைப் பூட்டுமுன் ஒரு கணம் திரும்பிப் பார்ப்போம். உள்ளே காத்திருக்கும் உயிருக்கு மணி பார்க்கத் தெரியாது என்பதை நினைவில் கொள்வோம்.

– பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு